பெடல் வைத்த கம்ப்யூட்டர் மேஜைகள்

நான் கட்டியவை என்னென்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது.

ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் யூனிட் ஒன்று. எங்கள் தொழிலில் அந்த மேல்பாகத்துக்கு அப்பர் என்று பெயர். யாரோ கழித்துப் போட்ட மிஷின் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்டு ஆரம்பித்தேன். பிறகு எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்து தைத்தார்கள். மாடி வைத்த வீடு ஒன்று. தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் இறங்கித் தெருக் கிணறுகள் எல்லாம் உப்பாகிப் போனபோது, மேட்டில் போர் போட்டு அங்கிருந்து தெருவுக்கு இழுத்துவந்த குழாய் ஒன்று. சர்ச்சுக்குச் சுற்றுச்சுவர். மகளுக்கு நர்ஸ் படிப்பு. கடைசியாக, எங்கள் தெருமுனை நூலகத்தின் கம்ப்யூட்டர் அறை.

என் படிப்பு மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை.

முன்னால் சொன்ன எல்லாவற்றையும் ஊர் ஒப்புக்கொள்கிறது. கடைசியைச் சொன்னால் மட்டும் சிரிக்கிறது. "அது சாரோடதாச்சே மேஸ்திரி" என்கிறது. அது எப்படிச் சாருடையது ஆயிற்று என்பதைத்தான் எழுதப்போகிறேன். யாருடைய பெயரையும் இதில் போடமாட்டேன். அவர்கள் என் பெயரைப் போடவில்லை, நானும் அவர்கள் பெயரைப் போடவில்லை. பெயர் இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கிறது என்று அவர்களும் கொஞ்சம் பார்க்கட்டும்.

எங்கள் நூலகம் ஆம்பூரில், தோல் ஷாப்புகளுக்குப் போகிற சாலையின் ஓரத்தில் இருக்கிறது. இரண்டே அறை. அரசாங்கத்தினுடையது இல்லை, தெருக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. ஓர் அறையில் பத்திரிகைகள், இன்னொன்றில் புத்தக அலமாரிகள். தலைவர் ஒரு பாய். தோலுக்குப் போடும் சாயம் விற்கிற கடை வைத்திருந்தவர். வெள்ளைத் தாடியில் எப்போதும் ஏதோ ஒரு சாயம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். செயலாளர்தான் நான் சொல்லும் சார்.

சாரும் நானும் ஒரே தெரு, ஒரே வயது. மூன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். என் அப்பா தோல் ஷாப்புச் சுண்ணாம்புக் குழியில் கால் வெந்து படுத்துவிட்டார். அவர் இடத்துக்கு நான் போனேன். பெஞ்சில் என் இடமும் சேர்ந்து சாருக்குக் கிடைத்தது; நன்றாகக் கையை அகட்டி வைத்து எழுதியிருப்பார். படித்து, டைப் அடிக்கக் கற்று, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போனார். காலையில் நான் ஷிப்டு முடிந்து தோல் நாற்றத்தோடு வருவேன். அவர் வெள்ளைச் சட்டையில் வேலூர் பஸ்ஸுக்கு நிற்பார். மற்றவர்கள் எனக்கு வழிவிடுவதுபோல விலகுவார்கள். அவர் விலகமாட்டார். "இன்னாப்பா, நல்லாருக்கியா?" என்று தோளில் கை வைப்பார். அதுதான் எனக்குத் தாங்காது. அவரும் மூக்கைப் பொத்தியிருந்தால் வெறுத்துவிட்டு என் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

பிறகு நான் முதலாளி ஆனேன். என்னிடம் வேலை பார்க்கிறவர்கள்கூட என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த காலத்தில் ஒட்டிய பெயர், போகவே இல்லை. அவர் ரிட்டையர் ஆகி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் சார் என்றார்கள். பாய்கூட. நான் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சின்ன வயதில் வாடா போடா என்றவரை இப்போது எப்படிக் கூப்பிடுவது? எதிரில் போய் நின்று தொண்டையைக் கனைப்பேன். அவர் திரும்பிப் பார்ப்பார்.

ஆமாம், பொறாமைதான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பொறாமை இல்லாதவன் தகரக் கொட்டகையிலிருந்து மாடி வீட்டுக்கு எப்படி வருவான்?

தொண்ணூறுகளின் கடைசியில், பாய்க்குத் தெரிந்த ஒரு ஷூ கம்பெனியில் ஆபீஸுக்குப் புது கம்ப்யூட்டர்கள் வாங்கினார்கள். பழசை நூலகத்துக்குத் தருகிறோம் என்றார்கள். அன்றைக்குக் கமிட்டி கூடியபோது நான் ஏணி மேல் நின்று கூரை ஒழுகலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கமிட்டியில் இல்லை. எது உடைந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் அந்த மாதிரி ஆள்.

கீழே சார் சொன்னார்: "மிஷினு வந்துடும். வெக்கறதுக்கு மேஜை வேணும். கீபோர்டுக்குக் கீழ தனியா பலகை வெச்சது. வேலூர்ல கெடைக்குது."

"நம்ம கையில இருக்கறத வெச்சுப் பத்திரிகை வாங்கறதே பேஜாரா இருக்கு சார்," என்றார் பாய்.

"அப்ப எதுமேல வெக்கறது? தரையிலயா?"

நான் ஏணியிலிருந்தே சொன்னேன்: "ஸ்டாண்டு நான் தரேன்."

இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள்.

அந்த வருஷம் வெளிநாட்டு ஆர்டர் குறைந்து, என் யூனிட்டில் ஒரு வரிசையை மூடியிருந்தேன். மிஷின்களின் தலைகளை விற்றுவிட்டேன். அவை உட்கார்ந்திருந்த இரும்பு ஸ்டாண்டுகளும் பலகைகளும் கொட்டகையில் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்தேன். மிஷின் தலை உட்காரும் ஓட்டை பலகையில் பெரிதாக இருக்கும்; ஒரு மூலையை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பிளைவுட்டால் மூடினேன். அந்த மூலை வழியாகத்தான் வயர்கள் எல்லாம் இறங்கின. மேலே கறுப்பு லைனிங் தோலை வழுவழுவென்று ஒட்டினேன். வேலூரில் விற்கிற எந்தக் கம்ப்யூட்டர் மேஜைக்குத் தோல் சட்டை உண்டு?

மேஜையோடு முடியவில்லை. நூலகத்துக்கு எதிரிலேயே தோலைத் தேய்க்கிற பட்டறை ஒன்று இருந்தது. அங்கிருந்து பறக்கிற தோல் மாவு பத்திரிகை மேலும் ஆள் மேலும் படியும். கம்ப்யூட்டருக்குள் போனால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். புத்தக அறையில் பாதியைத் தடுத்துக் கண்ணாடி வைத்தேன். ஜன்னல் இடுக்குகளில் ஷூவுக்கு அடியில் போடும் ரப்பர் ஷீட்டை வெட்டி ஒட்டினேன். தரைக்கு விரிப்புப் போட்டேன். வெளியே செருப்பு வைக்க அலமாரி ஒன்று செய்தேன், தூசி உள்ளே போகக் கூடாது என்று. பாய் வந்து ஜன்னலைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, ரூமுக்கே ஷூ மாட்டி உட்டுட்ட?"

சார் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். ஸ்டாண்டின் பெடல் அப்படியே இருந்தது. தையல்காரி காலை வைத்து மிதிக்கிற இரும்புப் பலகை. மோட்டாரோடு இணைக்கிற கம்பி இல்லாததால் தொட்டால் சும்மா முன்னும் பின்னும் சாய்ந்தது.

"இது இன்னாத்துக்குப்பா?"

"ஸ்டாண்டுன்னா அது இருக்கும்."

"கழட்டிடேன். பாக்க நல்லால்ல."

"கழட்டுனா கால் ஆடும்," என்றேன். ஆடும்தான். ஆடாவிட்டாலும் அவர் சொல்லி நான் கழற்றியிருக்கமாட்டேன்.

முதலில் பையன்கள்தான் வந்தார்கள். அதில் சீட்டு ஆடினார்கள். சாருக்குக் கோபம் வந்து, சாயந்திரம் பேக்டரி விட்டதும் பெண்களுக்கு வகுப்பு என்று போர்டில் எழுதிப் போட்டார். ஷூ கம்பெனிகளில் தைக்கிற பெண்கள், என் யூனிட்டுப் பெண்கள், எல்லோரும் எட்டாவது பத்தாவது என்று ஏதோ கொஞ்சம் படித்தவர்கள். படித்தது வீணாகப் போகிறதே என்று அவர்களுக்குள்ளும் இருந்திருக்கும். கொத்தாக வந்து சேர்ந்தார்கள்.

முதல் நாள் பேன் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்கிற சாக்கில் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். என் யூனிட்டில் வாய் ஜாஸ்தியான ஒருத்தி இருந்தாள். நல்ல கைக்காரி. அவள் முதல் மேஜையில் உட்கார்ந்ததும் கால் தானாகப் பெடலில் ஏறியது. முதுகு வளைந்தது. இரண்டு கையாலும் மவுஸைத் தோலைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு மிதித்தாள்.

"சார், ஓட மாட்டேங்குது."

"இன்னா ஓடல?"

"நான் மிதிச்சுக்கினேதான் இருக்கேன். இந்த அம்பு நின்ன எடத்துலயே நிக்குது சார். கரெண்டு கம்மியா?"

அறையே சிரித்தது. சிரித்த பிறகு பார்த்தால், எல்லா மேஜைக்கு அடியிலும் கால் பெடல் மேல்தான் இருக்கிறது. அவர்களும் அதையே செய்துகொண்டிருந்தார்கள், வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

வேறு வாத்தியாராக இருந்தால் கோபித்திருப்பார். சார் என்ன செய்தார் தெரியுமா? காலி மேஜையில் தானும் உட்கார்ந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பெடல் மேல் காலை வைத்தார். "மிதிங்கம்மா. காலு அது வேலையப் பாக்கட்டும். கையி மட்டும் என்கூட வரட்டும்," என்றார். டக், டக் என்று அறை முழுக்கப் பெடல்கள் ஆடின. கொஞ்ச நேரத்தில் ஒரு கை மவுஸை விட்டுப் பிரிந்தது. அப்புறம் இன்னொருத்தியின் கண் கையிலிருந்து திரைக்குப் போனது.

எனக்கு அது புதிசு இல்லை. புதுத் தையல்காரிக்குக் கை நடுங்கினால் நான் அவள் கையைப் பார்க்கமாட்டேன், காலைப் பார்ப்பேன். கால் பயந்தால்தான் கை நடுங்கும். கால் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டால் கை தன்னால் வரும். இது என் தொழில். என் பெடல். ஆனால் அன்றைக்கு வெளியே வந்த பெண்கள் பேசிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. "சாருக்கு இன்னா பொறுமைடி! வீட்ல புருசன்னு இருக்கறது ஒண்ணு, மிஷினு ஓடலன்னா அடிக்க வருது." பெடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "நானும் அந்தக் கம்ப்யூட்டருக்குப் போறேங்க."

"எதுக்கு? தலை இல்லாத ஸ்டாண்டப் பாக்கவா? கொட்டாயில இன்னும் ரெண்டு கெடக்குது, போய்ப் பாரு."

"பொண்ணுக்கு லெட்டர் போட்டா என்னிக்குப் போய்ச் சேருது? அதுல தட்டுனா தட்டுன உடனே போயிடுதாம். சார் சொன்னாரு."

'சார் சொன்னாரு.' அந்தச் சொல் அன்றைக்குத்தான் என் வீட்டுக்குள் வந்தது. வந்தது வந்ததுதான், பிறகு போகவே இல்லை. கூன் போடாமல் உட்காருங்க, சார் சொன்னாரு. கண்ணுக்குத் தண்ணி அடிச்சுக் கழுவுங்க, சார் சொன்னாரு. நான் முப்பது பேரை நிமிர்ந்து உட்காரச் சொன்னவன்.

எங்கள் மகள் மஸ்கட்டில் நர்ஸ். அதுவரைக்கும் அவள் எனக்குத்தான் கடிதம் போடுவாள். 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று ஆரம்பிக்கும். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் நானே படிப்பேன். படித்து முடித்த பிறகுதான் மனைவி கையில் கொடுப்பேன். கம்ப்யூட்டரில் சார் என் மனைவிக்கு ஓர் ஈமெயில் முகவரி போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு மகளிடமிருந்து தபால்காரர் வருவது நின்றது.

சாயந்திரங்களில் நூலகம் வழியாக நடந்துபோவேன். நான் செய்த செருப்பு அலமாரியில் என் மனைவியின் செருப்பு இருக்கும். அவளுக்குக் குதிகால் வெடிப்பு. அதற்காக ஆட்டுத்தோல் வைத்து நானே வெட்டித் தைத்தது. பக்கத்தில் சாரின் செருப்பு இருக்கும், கடையில் வாங்கியது, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. நடை கோணல். கண்ணாடி வழியாகப் பார்த்தால், திரையின் வெளிச்சத்தில் அவள் முகம் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடுவாள். அப்படி அவள் எதையும் ஆசையாகத் தேடி நான் பார்த்ததில்லை. உள்ளே போகலாம், என் அறைதான். ஆனால் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் எதிரில் மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரி உட்கார வேண்டும். அது என்னால் ஆகாது. தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவேன்.

ஒரு நாள் மகளின் பதிலைத் தாளில் அடித்துக் கொண்டுவந்தாள். தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியது. எனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. என் மகள் எழுதியது, என் கையில் இருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

"படி," என்றேன்.

அவள் விரல் வைத்துப் படித்தாள். "அம்மா, நீயே தட்டினியா? என்னால நம்பவே முடியல. எங்க ஆஸ்டல்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். சாருக்கு என் நன்றியச் சொல்லு. அப்பாவைக் கேட்டதாகச் சொல்லு."

நன்றி அவருக்கு. விசாரிப்பு எனக்கு.

"மேஜை யாருதுன்னு எழுதுனியா?"

"மேஜையப் போயி எதுக்குங்க எழுதறது?"

"எழுது. உங்கப்பன் ஸ்டாண்டு மேலதான் உக்காந்து தட்டறேன்னு எழுது."

"ஸ்டாண்டு மேல உக்காந்தா தட்டுவாங்க?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எழுதுகிறேன் என்று சொன்னாள். எழுதினாளா என்று நான் கேட்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, சென்னையில் குடியேறிவிட்ட எங்கள் தெருக்காரர் ஒருவர் புது மேஜைகளும் சக்கரம் வைத்த நாற்காலிகளும் வாங்கித் தந்தார். ஒரு பெரிய அதிகாரியைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் அறைக்கு முறையாகத் திறப்பு விழா வைத்தார்கள். சுவரில் கல் பதித்தார்கள். கல்லில் அதிகாரியின் பெயர், தலைவர் என்று பாயின் பெயர், நன்கொடை என்று சென்னைக்காரரின் பெயர், கடைசி வரியில் பயிற்சி என்று சாரின் பெயர். அதற்குக் கீழே கல் வெறுமையாக இருந்தது.

என் மேஜைகள் பின்பக்கம் கழிப்பறைச் சுவர் ஓரம் கிடந்தன. கால்கள் மேலே, தோல் ஒட்டிய பக்கம் மண்ணில். விழாவில் என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். அதிகாரி சாரைப் பற்றி நிறையப் பேசினார். சார் எழுந்து, "பலபேர் உதவி செஞ்சிருக்காங்க" என்றார். பலபேர். நான் கை தட்டவில்லை. மேடையிலிருந்து பாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததை ஊரில் யாரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

புது மேஜைகளில் முதல் வகுப்பு. வாய்க்காரி வந்து உட்கார்ந்தாள். கால் பழக்கத்தில் பெடலைத் தேடி அழுத்தியது. பெடல் இல்லை, வழவழவென்று தரை. நாற்காலிக்கோ சக்கரம். அவள் அழுத்தினாள், நாற்காலி பின்னால் உருண்டது, கண்ணாடித் தடுப்பில் போய் முட்டியது. அன்றைக்கும் சிரித்தார்கள். ஆனால் அடுத்தவள் உருண்டபோது யாரும் சிரிக்கவில்லை. உருளக் கூடாது என்று காலைப் பின்னால் மடக்கிக்கொண்டு, நாற்காலி நுனியில், டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். கால் பயந்தது, கை மறுபடியும் நடுங்க ஆரம்பித்தது. தட்டியதில் எல்லாம் தப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் கரைந்தது. ஒருத்திக்கு ஓவர்டைம், ஒருத்திக்கு மாமியாருக்கு உடம்பு சரியில்லை.

என் மனைவியும் நின்றுவிட்டாள். "ஏன் போகல?" என்றேன்.

"கால எங்க வெக்கறதுன்னே தெரியலங்க. உக்காந்தா கூச்சமா இருக்கு."

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் மகளிடமிருந்து கடிதமும் இல்லை, தாளும் இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சு முடிந்து நான் வந்து சட்டையைக் கழற்றும்போது சார் என் வீட்டுக்கு வந்தார். அறுபது வயது வரைக்கும் அவர் என் வீட்டுப் படி ஏறியதில்லை. மாடியை அண்ணாந்து பார்த்தார். பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன்.

"அந்த ஸ்டாண்டுங்க இருக்குதே," என்றார்.

"எந்த ஸ்டாண்டு?"

"நீ குடுத்ததுதாம்பா. மறுபடியும் உள்ள போடலாமான்னு பாக்கறேன். பொம்பளைங்க வர மாட்டேங்கறாங்க. பெடல் இருந்தா தேவலன்றாங்க."

"பாக்க நல்லால்லன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன்."

"பின்பக்கம் கெடந்து துரு ஏறியிருக்கும். தோலு ஊறிப் போயிருக்கும்."

"நீ பாத்தா சரி பண்ணிடுவ." என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். எழுந்து நின்று வாங்கினார். "நீங்களும் வரணும்மா. உங்களுக்கு ஒரு கடுதாசி வந்து நிக்குது. பிரிண்டு எடுத்தாந்தேன்."

அவள் வாங்கி அங்கேயே நின்று படித்தாள். படிக்கப் படிக்க என்னைப் பார்த்தாள். "அப்பாவுக்குன்னு எழுதியிருக்குதுங்க," என்றாள். "அப்பா, அந்த ஸ்டாண்டா? நான் சின்ன பிள்ளையில அதுக்கடியில உக்காந்து பெடல ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கினே பாடம் படிப்பேனே, அதுவா? அத எடுத்துட்டாங்கன்னு அம்மா எழுதியிருக்காங்க. எடுக்க உடாத அப்பா."

என் மனைவி மேஜையைப் பற்றி எழுதியிருக்கிறாள். வகுப்பை விட்டு நிற்பதற்கு முன்னாலேயே, எடுத்துப் போட்டதையும் எழுதியிருக்கிறாள், என்னிடம் சொல்லாமலே.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சாரிடம் சொன்னேன்: "போட்டுத் தரேன். ஆனா என் பேரு வரணும்."

"கல்லு வெட்டியாச்சேப்பா."

"கல்லு அப்புறம். மொதல்ல வாயால வரட்டும். நாலு பேரு முன்னால."

"சொல்றேன்," என்றார். என் கையைப் பிடித்துச் சொன்னார்.

துருவைத் தேய்த்து, புதுத் தோல் ஒட்டி, பெடலுக்கு எண்ணெய் விட்டு ஸ்டாண்டுகளை உள்ளே போட்டேன். பெண்கள் திரும்பி வந்தார்கள். டக், டக் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. புது மேஜைகள் பத்திரிகை படிக்கிறவர்களுக்குப் போயின; பையன்கள் அந்தச் சக்கர நாற்காலிகளில் உருண்டுகொண்டே விளையாட்டுப் பக்கம் படித்தார்கள்.

சுதந்திர தினத்தன்று நூலகத்தில் கொடி ஏற்றினார்கள். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நின்றேன். சார் பேசினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "இந்த மேஜைகளை நமக்கு அன்போடு தந்த நண்பர் ஒருவருக்கு நன்றி," என்றார். உட்கார்ந்துவிட்டார்.

மிட்டாய் கொடுக்கும்போது போய் நின்றேன். "ஒருவர்னா யாரு?"

"உன்னத்தாம்பா சொன்னேன். எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு உன் வாயில மட்டும் ஏன் வரல?"

"இல்லப்பா... உனக்கு விளம்பரம் பிடிக்காதுன்னு நெனச்சேன்."

பக்கத்தில் நின்ற பாய்க்கு மிட்டாய் புரையேறிவிட்டது. "யாருக்கு, இவருக்கா? அட அல்லாவே! போர் போட்டப்ப குழாய் நெடுக்கப் பெயின்ட்ல பேரு எழுதுனவரு சார் இவரு!"

எழுதினேன். தண்ணீர் குடிக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா? சிரித்தவர்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். நான் சிரிக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அதோடு விட்டிருப்பேன். இப்போது நூலகத்தைப் பற்றி ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறார்களாம். கம்ப்யூட்டர் அறையின் கதையைச் சார் எழுதியிருக்கிறார். அதைத் தட்டிக் கொடுப்பது யார்? என் மனைவி. பத்து விரலாலும் தட்டுகிறாள் இப்போது, கண்ணை மூடிக்கொண்டுகூட. கீழே கால் பெடலில் ஆடிக்கொண்டே இருக்கும். அவள்தான் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். 'உள்ளூர் நண்பர் ஒருவரின் உதவியோடு மேஜைகள் அமைக்கப்பட்டன' என்று ஒரே வரி. அறை எப்படி வந்தது, கண்ணாடி யார் வைத்தது, தோல் மாவு ஏன் உள்ளே வரவில்லை, பெண்கள் ஏன் போனார்கள், எதற்காகத் திரும்பி வந்தார்கள், எதுவும் இல்லை.

"இத நீயே தட்டுனியா?"

"சார் எழுதிக் குடுத்தத அப்படியே தட்டுனேன்."

"அப்ப நான் சொல்றதயும் அப்படியே தட்டு," என்றேன்.

அதைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். செருப்பு அலமாரி வந்த இடத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "வெளிய நின்னு என்னியப் பாத்துக்கினு இருந்தீங்களா?" என்றாள். "தட்டு, தட்டு," என்றேன். சாரைப் பற்றிய இடங்களில் கொஞ்சம் மெதுவாகத் தட்டினாள். ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை. அவள் விரல் அவர் கற்றுக்கொடுத்தது. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. நல்ல வாத்தியார். என்னால் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. முதல் நாளே அந்த வாய்க்காரியைத் துரத்தியிருப்பேன். அவர் பங்கு அவருக்கு இருக்கட்டும், ஒரு எழுத்துக்கூடக் குறைக்க வேண்டாம். ஆனால் அவள் கால் இருக்கிற இடம் நான் கொடுத்தது.

ஆகவே தலைவர் பாய்க்கும் செயலாளருக்கும் சொல்கிறேன். மலரில் 'உள்ளூர் நண்பர் ஒருவர்' என்பதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். மேஸ்திரி என்று போட வேண்டாம், முழுப் பெயரைப் போடுங்கள். பிறகு கல். சார் பெயருக்குக் கீழே வெறுமையாக ஒரு சாண் இடம் இருக்கிறது. கை வைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு வரி தாராளமாகக் கொள்ளும். 'அறையும் மேஜைகளும்' என்று வெட்டி, பக்கத்தில் என் பெயரை வெட்டுங்கள். கல் வெட்டுகிறவரை நானே கூட்டிவருகிறேன். எழுத்து மட்டும் அவர் எழுத்தின் அளவுக்கே இருக்க வேண்டும், சின்னதாக வெட்டினால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.